மருந்து அறியாத கோழிகள்

போன வியாழக்கிழமை மருதனார்மடச் சந்தையில் என் மானம் போனதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி உம்மிடம் வேறு யாரும் வந்து கோள் சொல்லப் போவதில்லை என்பது தெரியும். ஆனாலும் என் அவமானங்களை உம்மிடம் ஒப்பிக்காதவரை அவை நடந்து முடிந்ததாகவே எனக்குப் படுவதில்லை.

ஊர்க்கோழி முட்டை விற்கும் பெண்ணின் கூடைக்கு முன்னால் குந்தியிருந்தேன். நல்ல பிள்ளையாக முட்டையைப் பொறுக்கிக் காசைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். கை கேட்கவில்லை. சேலைத் தலைப்பைத் தலைக்கு மேலால் இழுத்து இருட்டாக்கிக்கொண்டு, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் போட்டு, ஒரு முட்டையை அதன் மேல் வைத்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தேன். சந்தை நடுவே நரை விழுந்த பெண்ணொருத்தி முக்காடு போட்டுக் குந்தியிருந்து முட்டையோடு இரகசியம் கதைக்கும் காட்சியை நீரே கற்பனை செய்துகொள்ளும். உள்ளே சிவப்பு நூல்கள் சிலந்திக் கால் மாதிரி விரிந்திருந்தன. நடுவில் ஒரு பொட்டுத் துடித்தது.

“உயிர் இருக்கு” என்று முக்காட்டுக்குள் இருந்தபடியே கத்திவிட்டேன்.

பக்கத்தில் நின்ற பெண் தன் பையிலிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கூடையில் வைத்தாள். முட்டைக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“அக்கா, நீங்கள் முட்டை வாங்க வந்தனீங்களோ, பிள்ளைப்பேறு பாக்க வந்தனீங்களோ?”

அந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். உங்கடை கோழிக்கு மருந்து ஏதும் குடுக்கிறனீங்களோ என்று கேட்டுவைத்தேன். அதற்கு அவள் சொன்ன பதிலை எழுதினால் கடுதாசி வெட்கப்படும். மரக்கறிக்காரர்கள் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்கள்.

அந்த முட்டையை வாங்காமல் வர அவள் விடவில்லை. இப்போது அது என் மேசையில், பஞ்சு போட்ட கோப்பைக்குள் இருக்கிறது. என் மனுசர் காலையில் அதைப் பொரித்துத் தரச் சொன்னார். அதற்குள் ஆள் இருக்கிறது என்றேன். அவர் பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார். சூடில்லாமல் இத்தனை நாள் கிடந்த முட்டைக்குள் என்ன நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும், உமக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் வெளிச்சம் பிடித்துப் பார்க்க மனம் வருகுதில்லை. எழும்பிக் குசினிக்குப் போகிறேன். ஏன் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்து இருக்கிறேன். இரண்டு வரி எழுதுகிறேன். மறுபடி எழும்புகிறேன்.

என் பதற்றத்துக்கு முட்டை மட்டும் காரணமில்லை. சந்தைக்குப் போன நாளுக்கு முதல்நாள் உம்முடைய தங்கை நஸீமா ஒரு விஷயம் சொன்னாள். அதை உமக்குச் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது, சொல்லக்கூடாது என்றும் இருக்கிறது. கொஞ்சம் பொறும். சுற்றி வளைத்து வந்து சேர்கிறேன். என் கதை நேராகப் போனதாக உமக்கு ஒருநாளும் ஞாபகம் இராது.

நீர் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்ந்த முதல் கிழமை உம்மைப் பற்றி உலாவிய வதந்திகளில் பாதியைக் கிளப்பியவள் நான்தான் என்பது உமக்குத் தெரியும். புத்தளத்திலிருந்து ஒரு முஸ்லிம் பெண், கல்யாணம் கட்டாதவள், கிருமி படித்தவள், சோனகதெருவில் இடிந்த வீடொன்றைத் திருத்திக்கொண்டு தனியாக இருக்கிறாள். இதற்கு மேல் ஒரு வதந்திக்கு என்ன மூலதனம் வேண்டும்? பிறகு ஒருநாள் பின்னேரம் பிளேன்ரீ குடிக்கும்போது, தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்தை விட்டு அனுப்பப்பட்ட அன்று வாப்பா வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் வைத்துக்கொண்டு போனதையும், திரும்பி வந்து பார்த்தபோது அந்தத் திறப்புக்குக் கதவே இல்லாமல் போயிருந்ததையும் சிரித்துக்கொண்டு சொன்னீர். அன்றோடு என் வதந்தித் தொழில் உம்மட்டில் படுத்துவிட்டது. நீரும் நானும் ஒரே வயது. நீர் லொறியேறிய நாளில் நான் எங்கள் வீட்டில் எதற்கோ அடம்பிடித்து அழுதுகொண்டிருந்திருப்பேன்.

உண்ணிக் காய்ச்சல் கிருமியை எனக்கு விளக்கியதும் அந்த வீட்டை வைத்துத்தான். மற்றக் கிருமிகளைத் தட்டில் ஊற்றிய கூழில் வளர்க்கலாம், மருந்துத் துண்டை வைத்தால் சாகிறதா இல்லையா என்று மறுநாளே பார்க்கலாம். உண்ணி கொண்டுவரும் இந்தக் கிருமி அப்படி வளராது. உயிருள்ள கலத்துக்குள், அந்த உயிரணுவுக்குள், புகுந்தால்தான் பெருகும். “வாடகையும் குடாமல் உள்ளுக்கை இருந்துகொண்டு வீட்டையே தின்னுற சாமான்” என்றீர். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்கடை வீட்டிலை இருந்தவை பரவாயில்லை, கதவைத் திண்டதோடை விட்டவை” என்றீர். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நீர் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

உயிருள்ள கலம் வேண்டுமென்றால் எங்களிடம் இருந்த வழி, குஞ்சு வளர்ந்துகொண்டிருக்கும் கோழிமுட்டை. பழைய முறை. வசதியான இடங்களில் இப்போது வேறு விதமாகச் செய்வார்கள் என்று நீரே சொல்வீர். ஆய்வுகூடத்தின் கோடியில் இரட்டைக் கதவு போட்ட சின்ன அறை. சந்திரனுக்குப் போகிறவர்கள் மாதிரி அங்கியும் முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, முட்டை ஓட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, ஊசிமுனை அளவு துளை போட்டு, மஞ்சட்கருவைச் சுற்றியிருக்கும் பைக்குள் கிருமியை ஏற்றி, மெழுகால் அடைப்பீர். ஸ்பிரிட்டும் உருகிய மெழுகும் கலந்த அந்த மணம் இப்போது கோயிலில் மெழுகுதிரி அணைந்தாலும் வருகிறது, ஆசுபத்திரியில் ஊசி போட்டாலும் வருகிறது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சனம் எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்கிறது.

இவ்வளவு பாடும் நஸீமாவுக்காகத்தான்.

வீடு திருத்தி முடிந்ததும் அவளைக் கூப்பிட்டீர். அவள் புருசனோடு வந்து தங்கினாள். கர்ப்பமாக இருந்தாள். வளவுக்குள் அலைந்த ஆடுகளைக் கண்டு சந்தோஷப்பட்டு அவற்றோடேயே திரிந்தாள். பிறகு காய்ச்சல். பாவாடை இறுக்கிக் கட்டும் இடத்தில் உண்ணி கடித்து, சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருந்ததை எவரும் பார்க்கவில்லை, அவளும் வெட்கத்தில் காட்டவில்லை. கண்டுபிடித்தபோது, இந்தக் காய்ச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் டொக்சிசைக்கிளினைக் கர்ப்பிணிக்குக் கொடுக்க எல்லாரும் தயங்கினார்கள். அவளும் வேண்டாம் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அவள் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. புத்தளத்துக்குத் திரும்பும்போது உம்மைக் கட்டிப்பிடித்து, ராத்தா, இந்த வீட்டு வாசலை நான் இனி மிதிக்கமாட்டன் என்றாளாம்.

அதன்பிறகு உம்முடைய பெரிய வீட்டில் நீர் ஒருத்தி. நஸீமா மறுபடி கர்ப்பமானபோது செய்தியைத் தொலைபேசியில் சொன்னாள். வரச் சொல்லிக் கேட்டீர், மாட்டேன் என்றாள். அடுத்த நாள் பின்னேரம் ஆய்வுகூடத்தில் கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு சொன்னீர்:

“துவக்கோடை வந்து போகச் சொன்னவைக்குப் பிறகும் திரும்பி வந்தனாங்கள். இப்ப ஒரு உண்ணிக்குப் பயந்து அந்த வீடு சும்மா கிடக்கிறதோ?”

கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கத் தயங்காத இன்னொரு மருந்து இருக்கிறது, அசித்ரோமைசின். வெளிநாட்டுப் புத்தகங்களில் அது இந்தக் கிருமிக்கும் வேலை செய்யும் என்று எழுதியிருக்கிறது. பிறகென்ன, புத்தகத்தைக் காட்டி அவளைக் கூப்பிடும் என்றேன். நீர் தலையை ஆட்டினீர். “அவை தங்கடை உண்ணியைக் கேட்டு எழுதினவை. எங்கடை உண்ணியை ஆர் கேட்டது?” அந்த வசனம் பிறகு எங்கள் இருவருக்கும் ஒரு பழக்கமாகிவிட்டது. வானொலியில் மழை வரும் என்றால்கூட, எங்கடை உண்ணியைக் கேட்டவையோ என்று கேட்டுக்கொள்வோம்.

யாழ்ப்பாணத்து நாயொன்றின் காதிலிருந்து பிடுங்கிய உண்ணிகளில் நீர் பிரித்தெடுத்த கிருமி, கடுங்குளிர்ப் பெட்டியில் சில குப்பிகளில் இருந்தது. அறை உமக்கு அடுத்த மாத முடிவு வரைக்கும்தான். அதற்குப் பிறகு வேறொரு திட்டத்துக்குக் கொடுக்கப்போவதாக ஆய்வுகூடத் தலைவர் சொல்லிவிட்டார். அதற்குள் எங்கள் ஊர்க் கிருமிக்கு அந்த மருந்து கேட்கிறதா என்று பார்த்து, கேட்டால் நஸீமாவுக்குச் சொல்லி அவளை வீட்டுக்கு அழைக்க வேண்டும். அவ்வளவுதான் உம் திட்டம். தலைவரிடம் கொடுத்த விண்ணப்பத்தில் வேறு பெரிய வார்த்தைகள் எல்லாம் போட்டிருந்தீர்.

முட்டைக்கு நான் பொறுப்பெடுத்தேன். பண்ணை முட்டை சரிவராது, தீனியோடு மருந்து சேர்த்திருப்பார்கள், அது மஞ்சட்கருவுக்குள் இறங்கிவிடும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தீர். ஊர்க்கோழி முட்டைதான் வேண்டும், அதுவும் சேவலோடு சேர்ந்த கோழியின் முட்டை. எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. தொண்டைமானாற்றில் என் மனுசரின் அக்கா இருக்கிறாவே. மச்சாளின் கோழிகளைப் போல மினுங்கும் கோழிகளை நான் எங்கும் கண்டதில்லை. அவவின் மனுசர், எனக்கு அண்ணை, கடலுக்குப் போன நேரமெல்லாம் அவவுக்குத் துணை அந்தக் கோழிகள்தான், ஒவ்வொன்றுக்கும் பெயரும் உண்டு. ஆராய்ச்சிக்கு முட்டை வேண்டும் என்று கேட்டபோது மச்சாள் சேலையைச் சரிசெய்துகொண்டா, படம் பிடிக்க வந்தவர்களுக்கு முன்னால் நிற்கிற மாதிரி.

முட்டைகளைச் சூட்டுப் பெட்டியில் வைத்து, குஞ்சு பிடித்ததும் கிருமி ஏற்றினீர். ஒரு பகுதிக்கு மருந்து இல்லை. ஒரு பகுதிக்கு அந்தப் புதிய மருந்து. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சிலவற்றுக்குப் பழைய டொக்சிசைக்கிளின். ஒவ்வொரு நாளும் இருட்டில் வெளிச்சம் பிடித்துப் பார்ப்போம். மருந்து போடாத முட்டையில் நரம்பு வாடி, துடிப்பு நின்றுபோக வேண்டும். மருந்து போட்டதில் துடிப்பு இருக்க வேண்டும். எவ்வளவு சுலபம்.

துடிப்பு நிற்க வேண்டிய நாள் வந்தது, போனது. அடுத்த நாள் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். எல்லா முட்டையிலும் உயிர். வெளியே வந்து அங்கியைக் கழற்றின வேகத்தில் சந்திக் கடைக்குப் போய் றோல்ஸ் வாங்கிவந்து மேசையில் பரப்பினேன்.

“என்ன விசேஷம்?”

“ஒண்டும் சாகேல்லை. எல்லாம் துள்ளுது.”

“மருந்து போடாததும்?”

“ஓம் எண்டுறன். எல்லாம்.”

நீர் மெதுவாகக் கதிரையில் இருந்தீர். “அப்ப நாங்கள்தான் செத்தம்” என்றீர்.

அப்போதுதான் என் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. மருந்தில்லாமலும் பிழைத்தால், மருந்தால் பிழைத்தது என்று எதைச் சொல்வது? முட்டைகள் சாகவில்லை என்று றோல்ஸ் வாங்கிய ஒரே ஆய்வுகூட உத்தியோகத்தர் நானாகத்தான் இருப்பேன். கடைசியில் அந்த றோல்ஸையும் நானே சாப்பிட்டேன், துக்கத்தில்.

சில முட்டைகளை உடைத்துச் சாயம் ஏற்றிப் பார்த்தீர். பச்சைப் பின்னணியில் சிவப்பாகத் தெரிய வேண்டிய கிருமி ஒன்றுகூட இல்லை. மின்வெட்டுக் காலத்தில் குளிர்ப் பெட்டி நின்று நின்று ஓடியதில் குப்பிக்குள்ளேயே செத்துவிட்டது என்று நீர் முடிவு கட்டினீர். இன்னும் ஒரேயொரு குப்பிதான் மிச்சம். அதுவும் செத்திருந்தால் நஸீமாவுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தவணையும் கரைந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் நீர் நடந்துகொண்டே இருந்தீர், ஒரு இடத்தில் இருக்கவேயில்லை. இப்போது நான் மேசைக்கும் குசினிக்கும் நடக்கிறேனே, அப்படி.

முட்டைத் தட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. மனம் மாறட்டும் என்று உம்மையும் இழுத்துக்கொண்டு தொண்டைமானாற்றுக்குப் போனேன். மச்சாள் மீன் பொரித்திருந்தா. நீர் சாப்பிடாமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தீர். அப்போது ஒரு கோழி தும்மியது. கோழி தும்முவதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன், சின்னப்பிள்ளை தும்முகிற மாதிரியே இருந்தது. மச்சாள் அகப்பையைப் போட்டுவிட்டு ஓடினா. யன்னல் விளிம்பில் இருந்த கூட்டுக் குளிசை ஒன்றை எடுத்து, இரண்டாகப் பிரித்து, உள்ளே இருந்த மஞ்சள் தூளைத் தண்ணீர்ச் சட்டியில் தட்டினா.

“மச்சாள், உது என்ன?” என்றேன்.

“மருந்து. உங்கடை அண்ணைக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தாப்போலை தந்தவையெல்லே, உது நல்ல சாமான். தும்மல் கேட்டா ஒண்டு உடைச்சுப் போடுவன். பேந்து கடையிலையும் சொல்லி வாங்கி வச்சிருக்கிறன்.” பிறகு உம்முடைய பக்கம் திரும்பி, விருந்தாளிக்குச் சொல்கிற மரியாதையோடு சொன்னா: “உங்களுக்குத் தாற முட்டை எண்டபடியா, தும்மாட்டிலும் ஒவ்வொரு நாளும் போட்டனான். ஆராய்ச்சிக்குப் போற முட்டை, நோய்நொடி இருக்கக்கூடாதெல்லே.”

எனக்கு மீன் முள் தொண்டையில் நின்றது. நீர் எழும்பிப் போய் அந்தச் சட்டியின் முன்னால் குந்தினீர். முதுகு குலுங்கியது. அழுகிறீர் என்று நினைத்து ஓடிவந்தேன். சிரித்துக்கொண்டிருந்தீர். சிரித்து முடியாமல் மணலிலேயே இருந்துவிட்டீர்.

“உம்மடை மச்சாள் எங்களுக்கு முதலே பரிசோதனையை முடிச்சிட்டா. கோழிக்குள்ளாலை போய், முட்டைக்குள்ளாலை போய், எங்கடை கிருமியைச் சாகடிச்சிருக்கு. டொக்சிசைக்கிளின் இஞ்சை நல்லா வேலை செய்யுது எண்டு எழுதலாம்.”

“அப்ப குப்பி சாகேல்லை?”

“சாகேல்லைப் போலை.” உம் முகத்தில் அத்தனை நாளுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. மச்சாள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு மீன் துண்டு வைத்தா. இம்முறை நீர் சாப்பிட்டீர்.

இனி, மருந்தே அறியாத கோழி வேண்டும். அது எவ்வளவு அருமையான பொருள் என்பது தேடத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. யாரிடம் கேட்டாலும் மருந்து கொடுக்கிறோம் என்றார்கள். நாங்கள் ஏதோ அலுவலகத்திலிருந்து வந்து கோழி வளர்ப்புக்குப் பரிசு கொடுக்கப்போகிறோம் என்று நினைத்து, கொடுக்காதவர்களும் கொடுக்கிறோம் என்றார்கள். இரண்டு நாள் அலைந்த களைப்பில் ஒரு மதிலோரம் நின்று, எங்களுக்கு வேண்டியது நல்ல கோழியில்லை, கோழியில் அன்பில்லாத ஒரு மனிசர் என்றீர். அந்த இடத்தில்தான் என் வாழ்நாள் வம்பளப்பு முதல்முறையாக விஞ்ஞானத்துக்குப் பயன்பட்டது. குடாநாட்டில் யாருக்கு யாரோடு பகை என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். கோழியோடு பகைகொண்ட ஒருவர் சாவகச்சேரியில் இருந்தார்.

ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். மகன் கனடாவுக்குப் போகும்போது கோழிகளை அவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தான். அவை மாமரத்தில் படுத்து, அவருடைய ஓடாத காரின் மேல் எச்சமிட்டுக்கொண்டிருந்தன.

“சேர், கோழியளுக்கு மருந்து ஏதும்...” என்று நீர் தொடங்கினீர்.

“மருந்தோ, பிள்ளை? நான் அதுகளுக்குத் தண்ணியே வைக்கிறேல்லை. செத்துத் துலையட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். அதுகள் என்னைவிடச் சுகமா இருக்குதுகள்.”

“மாஷா அல்லாஹ்” என்றீர் நீர், மனம் நிறைந்து.

அதிபர் என்னைப் பார்த்தார். நான் கோழியைப் பார்த்தேன்.

முட்டை எங்கே இடுகின்றன என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. நாங்களே தேடினோம். நீர் உடைந்த யன்னலால் காருக்குள் புகுந்து பின் இருக்கையில் ஒரு குவியலைக் கண்டுபிடித்தீர். நான் கிடுகு அடுக்குக்குள் தலையை விட்டு, உடம்பு வந்து தலை வராமல் நின்றேன். அதிபர் கதிரையில் இருந்தபடி, அந்தப் பக்கம் பாம்பும் இருக்கு எண்டு பொதுவாகச் சொல்லிவைத்தார். திரும்பும் பஸ்ஸில் இருவர் மடியிலும் முட்டை. நடுவழியில் என் இடுப்பில் ஏதோ ஊர்ந்தது. உண்ணி என்று நான் போட்ட சத்தத்தில் பஸ் நின்றது. நீர் என் முட்டைகளையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஆராய்ச்சியாளருக்குரிய நிதானத்தோடு பார்த்து, எறும்பு என்றீர். அத்தனை பேருக்கும் முன்னால் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

கடைசிக் குப்பியைத் திறந்தீர். இந்தமுறை நான் றோல்ஸ் வாங்கவில்லை. எண்ணவுமில்லை, வாயைத் திறக்கவுமில்லை. அந்த நாள் வந்தபோது இருவரும் சேர்ந்து இருட்டில் நின்று பார்த்தோம். மருந்து போடாத முதல் முட்டையில் நரம்புகள் கலங்கி, பொட்டு அசையாமல் கிடந்தது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். பிறகு புதிய மருந்து போட்ட முட்டையை எடுத்து வெளிச்சத்தில் வைத்தீர். உம் மூச்சு முகமூடிக்குள் நின்றுபோனது எனக்குக் கேட்டது. துடித்தது. எல்லாமும் இல்லை, ஆனால் பெரும்பாலானவை துடித்தன. சாயம் ஏற்றிப் பார்த்தபோது பழைய மருந்தின் அளவுக்குத் துப்புரவாக இல்லை, அங்கொன்று இங்கொன்றாகச் சிவப்பு இருந்தது. ஆனால் கட்டுப்பட்டிருந்தது.

அந்த அங்கியோடேயே ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தோம். பிறகு செத்த முட்டைகள் இருந்த தட்டைப் பார்த்து, “செத்ததுக்குச் சந்தோஷப்படுற பிழைப்பு” என்று முணுமுணுத்தீர்.

தாழ்வாரத்தில் நின்று நஸீமாவுக்குத் தொலைபேசி எடுத்தீர். நான் பக்கத்தில் நின்றதை ஒட்டுக்கேட்டது என்று சொல்லலாம். முட்டையில் தொடங்கினீர். ஊர்க்கோழி முட்டை ஏன், பண்ணை முட்டை ஏன் கூடாது, மச்சாளின் சட்டி, அதிபரின் கார் எல்லாவற்றையும் சொன்னீர். முட்டையில் கேட்டது மனிசரிலும் அப்படியே கேட்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் காய்ச்சல் வந்தால் ஒரே வழிதான் என்று பயப்பட வேண்டாம், டொக்டர்மாரோடு கதைக்க நானும் பக்கத்தில் இருப்பேன் என்றீர். அந்தப் பக்கம் பேச்சில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் எனக்கும் கேட்டது. தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, “அழுகிறாள்” என்றீர். உம் கண்ணும் நிறைந்திருந்தது. பிறகு அவள் சொன்னாள், ராத்தா, நாங்கள் வாறம்.

கொஞ்ச நாளில் லொறி வந்தது. மெத்தை, அலுமாரி, குளிரூட்டிக்கு மேலே, எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு பெரிய கம்பிக் கோழிக்கூடு கட்டியிருந்தது. ஒரு கோழிகூட இல்லாத கூடு. உது என்னத்துக்கு என்று கேட்டீர். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி உம்மைக் கட்டிப்பிடித்ததில் அந்தக் கேள்வி அப்படியே போய்விட்டது. கூடு வளவில் கிணற்றடிப் பக்கம் கிடந்தது. பிறகு அதன்மேல் சட்டி பானை காயவைத்தீர்கள். வாசலில் அவள் கால் வைத்தபோது நீர் பின்னால் நின்று அந்தக் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீர். மகள் யாழ்ப்பாணத்தில்தான் பிறந்தாள். காய்ச்சலும் வரவில்லை, அந்த மருந்தும் தேவைப்படவில்லை.

போன மாரியில் நீர் போனீர். கிருமி எதுவும் இல்லை, இதயம். மையித்து வீட்டில் நஸீமாவின் பக்கத்தில் நின்றேன். சந்தனமும் பன்னீரும் மணந்த அந்த வீட்டில் என் கையில் மட்டும் ஸ்பிரிட் மணத்தது, காலையில் செய்தி வந்தபோது எதையோ துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்ன அறையில் இப்போது வேறு யாரோ வேறு எதையோ செய்கிறார்கள். கடைசிக் குப்பியோடு முடிந்த அந்தப் பரிசோதனையை மறுபடி செய்து பார்க்க எங்களுக்கு வாய்க்கவில்லை. ஒருமுறை நடந்ததை முடிவு என்று நீர் ஒருபோதும் சொல்லமாட்டீர், அதனால் நானும் எவரிடமும் சொல்வதில்லை. ஆனால் எதைக் கேட்டாலும் எங்கடை உண்ணியைக் கேட்டவையோ என்று மனதுக்குள் ஒரு குரல் வருகிறது. முட்டையைக் கண்டால் கை வெளிச்சத்தைத் தேடுகிறது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், மருந்து போடாததும் நன்றாக இருக்கிறதோ என்று கேட்கத் தோன்றுகிறது. உம்மிடமிருந்து எனக்குத் தொற்றியது இதுதான். இதற்கு ஒரு மருந்தும் இல்லை.

சரி, இனியும் சுற்ற முடியாது. புதன்கிழமை நஸீமாவைப் பார்க்கப் போனேன். அவளுடைய மகள் அந்தக் கோழிக்கூட்டுக்குள் புகுந்திருந்து விளையாடிக்கொண்டிருந்தாள். பழைய கதை வந்தது. நீர் தொலைபேசியில் பரிசோதனையைச் சொல்லித்தானே அவள் மனம் மாறி வந்தாள் என்று நான் பெருமையோடு தொடங்கினேன். நஸீமா தயங்கினாள். பிறகு சொன்னாள், ராத்தா போன் எடுக்க முதலே லொறி பேசியாச்சு. புருசனுக்கு யாழ்ப்பாணத்தில் கடையொன்றில் பங்கு கிடைத்திருந்தது, கடை வீடு இரண்டுக்கும் வாடகை கட்டுப்படியாகாது, பயத்தை விழுங்கிக்கொண்டு உம்முடைய வீட்டுக்கே வருவதென்று ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார்கள்.

அப்ப அண்டைக்குப் போனிலை அழுதனீரே என்றேன்.

“இல்லையக்கா. வெங்காயம் அரிஞ்சுகொண்டு நிண்டனான். ராத்தா முட்டை, கோழி எண்டு கனநேரம் சொல்லிக்கொண்டிருந்தவ. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, ஆனா அவ்வளவு சந்தோஷமாக் கதைச்சவ. கோழி வளர்க்கப் போறா போலை எண்டு நினைச்சன். அதுதான் வரேக்கை அந்தக் கூட்டை வாங்கிக்கொண்டு வந்தனான்.”